முட்டைப் பையைத் தின்ற சிலந்தி

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் என் சிலந்தியைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் மொத்தம் மூன்றுதான். கடிக்காதா, விஷம் இல்லையா, இதை வளர்த்து என்ன பிரயோசனம். முதல் இரண்டுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறேன். மூன்றாவதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் அதன் பிறகு எங்கள் வீட்டுப் படியேறவில்லை. கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள், பிள்ளை இல்லாத குறைக்குத்தான் நான் இதை வளர்க்கிறேன் என்று தானே முடிவுகட்டிப் பக்கத்து வீடுகளிலும் சொல்லி வைத்தாள். எனக்கு மங்களூரில் நர்சிங் படிக்கும் மகள் இருக்கிறாள். அவளைப் போனில் கூப்பிட்டு, அப்படியே படியிறங்கிப் போய் அந்த அம்மாள் காதில் போனை வைத்து, "பேசுங்க, இதுதான் நான் பெறாத பிள்ளை" என்றேன்.

எனக்குக் கோபம் வரும். வந்தால் வாய்க்கு வந்ததைப் பேசிவிடுவேன். பேசி முடித்த பிறகு யோசிப்பேன், அதுவும் எப்போதாவதுதான். இதைச் சொல்லாமல் அந்த முட்டைப் பையின் கதையைச் சொல்ல முடியாது.

நான் கொச்சியில், தோப்பும்படியில் ஒரு சிறிய லேபில் பல் செட் செய்கிறவள். நாள் முழுக்க யாரோ ஒருவரின் ஈறுக்கு அளவெடுத்த மெழுகைச் செதுக்கிக்கொண்டிருப்பேன். கைக்குப் பொறுமை உண்டு, வாய்க்குத்தான் இல்லை. மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் அடுக்கிய கிடங்குகளுக்குப் பின்புறச் சந்தில், மாடியில் எங்கள் வீடு. அங்கே சுவர் அலமாரி ஒன்றைக் காலி செய்து என் சிலந்திக்குக் கொடுத்தேன். மெக்சிகோ ஊர் டரான்டுலா, முழங்கால்களில் செம்பட்டை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் வந்தபோது பாசிப்பயறு அளவுதான் இருந்தாள். மருந்து டப்பாவில் வைத்து, கரப்பான் பூச்சியின் காலைக் கிள்ளி ஊட்டி வளர்த்தேன். இப்போது கால்களை விரித்தால் என் உள்ளங்கை போதாது. பெயர் வைக்கவில்லை. கூப்பிட்டால் வரப்போகிறாளா என்ன? பதிவு செய்த காகிதம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அதைப் பற்றியும் ஒரு நாலு பேராவது என்னைக் குறுக்குவிசாரணை செய்திருக்கிறார்கள்.

கொச்சியில் இந்தப் பிராணியை வளர்ப்பது சும்மா இல்லை. காற்றிலேயே ஈரம், பெட்டியில் போடும் தேங்காய்நார்த் தூள் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். எறும்பு வந்தால் சர்வநாசம். அதனால் அலமாரிக்குள் பெட்டியை ஒரு சின்ன முக்காலிமேல் வைத்து, அதன் கால்கள் தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்கும்படி செய்திருக்கிறேன். இரைக்கான கரப்பான்களைத் தனியாக, முட்டை அட்டைகள் அடுக்கிய வாளியில் வளர்க்கிறேன். என் கணவருக்குச் சிலந்தி பிரச்சினை இல்லை. அந்த வாளிதான் ஆகாது. அவர் ஏலூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். தெரியாத ஆளிடம்கூட அரை மணி நேரம் நின்று பேசுவார், என்னிடம் மட்டும் அதிகம் பேசமாட்டார். நான்தான் அதற்கு இடம் கொடுப்பதில்லை என்று மகள் சொல்வாள்.

கலூரில் தனியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வண்ணமீன் கடை வைத்திருக்கும் மதுரைக்காரர் ஒருவர் உண்டு. முப்பது வயதிருக்கும், எனக்குத் தம்பி மாதிரி. மீன் பிழைப்புக்கு, சிலந்தி ஆசைக்கு. என் சிலந்தியின் இனத்தில் முதிர்ந்த ஆண் ஒன்று அவரிடம் இருந்தது. எனக்குத் தெரிந்த வட்டத்தில் அது ஒன்றுதான். ஆண் முதிர்ந்துவிட்டால் அதிகம் போனால் ஒரு வருடம், சரியாகச் சாப்பிடாது, பெண்ணைத் தேடிப் பெட்டிக்குள் நடந்து நடந்தே சாகும்.

ஆணை இரவல் கொடுப்பது சிலந்தி வளர்க்கும் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். ஆண் வைத்திருப்பவர் பெண் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவருவார். குஞ்சு பொரித்தால் ஆளுக்குப் பாதி. பெண் அந்த ஆணைப் பிடித்துத் தின்றுவிட்டால் ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. எழுத்து கிடையாது, வாய்ச்சொல்தான்.

அவர் பார்க்க வந்தபோது முதலில் கேட்டது, கடைசியாக எப்போது தோல் உரித்தாள் என்று. ஓணத்துக்கு முன்னால், போன வருடம் என்றேன். டரான்டுலா வளர வளரத் தோலை உரித்துப் போடும். பெரிய பெண் என்றால் வருடத்துக்கு ஒருமுறை, சிலசமயம் அதைவிடத் தாமதமாக.

"அப்ப நாள் ஆயிருச்சேக்கா. இன்னொரு தடவ உரிக்கட்டும், அப்புறம் சேப்போம்."

"அதுவரைக்கும் உங்க ஆண் இருக்குமா?"

"சொல்ல முடியாது."

"பின்ன என்ன காத்திருக்கறது? இப்பவே சேக்கலாம்."

அவர் தயங்கினார். நான் ஒற்றைக் காலில் நின்றேன். என்னிடம் வாக்குவாதம் செய்து ஜெயித்தவர்கள் குறைவு, அவரும் அந்தக் குறைந்த பேரில் இல்லை.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சேர்த்தோம். அதற்கு முந்தைய வாரம் அவளுக்கு மூன்று பெரிய கரப்பான்கள் கொடுத்து வயிற்றை நிரப்பி வைத்திருந்தேன். ஆண் அவள் பெட்டிக்குள் இறங்கியதும் முன்கால்களால் தரையைத் தட்டியது, கதவைத் தட்டிவிட்டு நிற்கும் விருந்தாளி மாதிரி. அவள் வளைக்குள்ளிருந்து பதிலுக்குத் தட்டினாள். சத்தம் எனக்கே கேட்டது. தம்பி கையில் நீள இடுக்கி, என் கையில் ஒரு அட்டை, அவள் பாய்ந்தால் நடுவில் செருக. ஆண் தன் முன்கால் கொக்கிகளால் அவள் பற்களைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டு, ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத் தன் வேலையை முடித்து, பின்வாங்கி ஒரே ஓட்டமாக ஓடியது. அட்டையைச் செருகினேன். பிழைத்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் லாட்டரி விழுந்தவர்கள் மாதிரி சிரித்தோம். அந்த ஆண் அடுத்த மாதம் கலூரில் செத்துப்போனது. இனி அந்த ஒரு சேர்க்கையில் பிறந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பிறகு காத்திருப்பு. அவள் வளை வாயைப் பட்டு நூலால் மூடிக்கொண்டு உள்ளேயே கிடந்தாள். முட்டையிடத் தயாராகிறாள் என்று நினைத்தேன். பெட்டியை யாரும் தொடக் கூடாது, தட்டக் கூடாது, அலமாரிக் கதவைப் படார் என்று சாத்தக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர். ஆக, சட்டம் முழுவதும் என் கணவருக்குத்தான்.

நடுவில் பாலக்காட்டில் என் அக்காவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆயிற்று. பத்து நாள் போயிருந்தேன். தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும், வேறு எதிலும் கை வைக்கக் கூடாது என்று எழுதி அலமாரியில் ஒட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் முன்பே பெட்டியைப் பார்த்தேன். உள்ளே அவள் குடிக்கும் தண்ணீர்க் கிண்ணம் இடது மூலையிலிருந்து வலது மூலைக்குப் போயிருந்தது. மூடியைத் திறந்து உள்ளே கை விட்டிருக்கிறார். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் விடவில்லை. எழுதி ஒட்டியும் படிக்கத் தெரியாதா, பத்து நாள் ஒரு பிராணியைச் சும்மா விட முடியாதா, ஏலூரில் மிஷினையும் இப்படித்தான் நோண்டுகிறீர்களா என்று கொட்டித் தீர்த்தேன். அவர் என் பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டுச் சாயா போடப் போய்விட்டார்.

மேட மாதக் கடைசியில், நம் சித்திரை முடியும்போது, பை வந்தது. ஒரு காலையில் பார்த்தால் அவள் எலுமிச்சங்காய் அளவில் வெள்ளைப் பட்டு உருண்டை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். அவள் அதைப் பற்களில் பிடித்துத் தூக்கி, புரட்டி, வெதுவெதுப்பான பக்கம் நகர்த்தி, மறுபடி இழுத்து வைத்துக்கொள்வாள். நான் அழுதேன். பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல். எனக்கு அது கௌரவக் குறைச்சல். தம்பிக்குப் படம் அனுப்பினேன். அவர் போனிலேயே கத்தினார்.

பையைத் தாயிடமே விடுவதா, முப்பதாம் நாள் எடுத்து நாமே அடைகாப்பதா என்று எங்கள் ஆட்களுக்குள் இரண்டு கட்சி. நான் தாய்க் கட்சி. தொந்தரவு இல்லாத வரை அவளைவிட நன்றாக யாரும் பார்த்துக்கொள்ள முடியாது. தொந்தரவு வந்தால் பயத்தில் பையைப் பிய்த்துத் தின்றுவிடுவாள். என் கணவருக்கு இதை ஒன்றுக்குப் பத்து முறை சொன்னேன்.

முப்பத்திரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. லேபில் அவசர வேலை, ஒரு பெரியவருக்கு மறுநாள் பேத்தி கல்யாணம், பல் இல்லாமல் பந்தியில் உட்கார முடியாது. நான் போய்விட்டேன். நான் போன நேரம் பார்த்து அவருடைய ஷிஃப்ட்காரர்கள் மூன்று பேர் சாப்பிட வந்திருக்கிறார்கள். சாப்பிட்டவர்கள் சாப்பிட்டுப் போகக் கூடாதா? இவர் அலமாரியைத் திறந்து காட்டியிருக்கிறார். நான் வீட்டுக்கு வந்து கேட்டுத் தெரிந்துகொண்டதாக நினைக்காதீர்கள். சந்து வாட்ஸாப் குழுவில் வீடியோவாக வந்தது. டார்ச் வெளிச்சம் நேராக அவள்மேல். ஒருவன் வண்டிச் சாவியால் கண்ணாடியைத் தட்டுகிறான். "எட்டுகாலி அம்மே, ஒந்நு நோக்கே" என்று சிலந்தியம்மாவைத் திரும்பிப் பார்க்கச் சொல்லும் ஒரு குரல், பின்னால் சிரிப்பு. அவள் பையைக் கட்டிக்கொண்டு மூலைக்குப் போகிறாள். கீழ்வீட்டு அம்மாள் அதற்குக் கைதட்டும் படம் போட்டிருந்தாள்.

நான்கு நாள் கழித்துப் பை இல்லை. கசங்கிய பட்டு நூல் ஒரு பிடி, அதைச் சுற்றி மஞ்சளாகச் சிதறல். அவள் ஒன்றும் நடக்காத மாதிரி தண்ணீர்க் கிண்ணத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள்.

அன்று நான் பேசியதை எல்லாம் எழுத முடியாது. ஒன்பது வருடம், ஒன்பது வருடம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். உங்களுக்கு நாலு பேர் வாயைப் பிளக்க வேண்டும், அதற்கு என் சிலந்திதான் கிடைத்ததா என்றேன். கையாலாகாதவர் என்றேன். உங்களைக் கட்டியதற்குப் பதில் என்று தொடங்கி ஒரு வாக்கியம் சொன்னேன், அதை மகள் போனில் கேட்டுவிட்டாள். அவர் சுவரோரம் நின்றார். "தப்புதான், காட்டியிருக்கக் கூடாது" என்றார். அதுவும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு என்று சொல்லிவிட்டால் பை வந்துவிடுமா?

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் நான் அவரோடு பேசவில்லை. சமைத்தேன், தட்டைத் தொப்பென்று வைத்தேன், அவ்வளவுதான். அவர் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. ஒருநாள் லேபிலிருந்து வந்தபோது கரப்பான் வாளியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார், முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு. ஒன்று முழங்கை வரை ஏறிவிட்டது, உதறினாரே தவிர வாளியை விட்டு எழவில்லை. பார்த்தேன். உருகிவிடுவேன் என்று நினைப்பாக்கும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

இருபதாம் நாள் கலூர்த் தம்பி வந்தார். பாதிக் குஞ்சு அவருக்குச் சேர வேண்டியது, நேரில் சொல்லாமல் தீராது. இவரும் கூடத்தில்தான் இருந்தார். இருக்கட்டும், கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். வீடியோவைப் போட்டுக் காட்டினேன். சாவியால் தட்டும் இடத்தை இரண்டு முறை காட்டினேன்.  பையில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று தம்பி கேட்டார். சிதறலை ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருந்தேன். இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கிளறி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய, காய்ந்த மஞ்சள் மணிகள்.

"அக்கா, பை முப்பத்தாறு நாள் இருந்துச்சுல்ல? இதுல ஒண்ணுலகூட கால் வரலக்கா. முட்டையாவே காஞ்சிருக்கு. கரு கூடாத முட்டை."

"அதெப்படி? நம்ம கண்ணு முன்னாடிதானே சேந்துது?"

"சேந்துது. அதுக்கப்புறம் தோல் உரிச்சாளா?"

"இல்ல."

"நல்லா யோசிங்க. சேந்த பின்னாடி உரிச்சா, உள்ள சேத்து வச்சிருந்த ஆணோட வித்தெல்லாம் அந்தத் தோலோட போயிரும். அப்புறம் வெறும் முட்டைதான் போடும். அந்தப் பையைத் தாயே தின்னுரும், யாரும் தட்ட வேணாம். அதான் அன்னைக்கே சொன்னேன், உரிக்கட்டும்னு."

இல்லை என்று மறுபடி சொல்லப்போனேன்.

"உரிச்சுது" என்றார் கணவர்.

இரண்டு பேரும் திரும்பினோம்.

"நீ பாலக்காட்டுல இருந்த மூணாம் நாள். காலம்பற பாத்தா வளைக்கு வெளில மல்லாந்து கிடக்கு, காலெல்லாம் மேல. செத்துப்போச்சுன்னு பேடிச்சு உன்னைப் போன்ல விளிச்சேன். 'உங்க எட்டுகாலி' அப்படின்னேன், அதுக்குள்ள நீ, அக்காவை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போயிருக்கா, இப்ப எட்டுகாலியா முக்கியம், தண்ணி ஊத்திட்டு வேலையைப் பாருங்கன்னு வச்சுட்டே. ஷிஃப்டுக்குப் போகாம பக்கத்துலயே இருந்தேன். மத்தியானம் பழைய தோலை விட்டு வெளில வந்துது. எறும்பு வந்துடக் கூடாதுன்னு தோலை எடுத்தேன், அதுக்குத்தான் கிண்ணத்தை நகத்தினது."

"தோல் எங்க?"

"நீ மத்ததெல்லாம் வச்சிருக்கற டப்பாவுலதான்."

என் மெழுகுக் கத்திகளுக்குக் கீழே அந்தத் தகர டப்பா இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, அவள் உரிக்கும்போது மட்டும்தான் திறப்பேன். தம்பிதான் திறந்தார். கடைசிப் பஞ்சுப் படுக்கையில், கால் ஒன்றுகூட ஒடியாமல், நான் வைப்பதைவிட ஒழுங்காக விரித்து வைத்த ஒரு தோல். பக்கத்தில் துண்டுக் காகிதம், அவர் கையெழுத்தில், மலையாளத்தில் தேதி.

தம்பி என்னிடம் மெதுவாகக் கேட்டார், பை போட்ட சமயத்தில் முதுகில் அந்த வழுக்கை இருந்ததா என்று. பயந்தால் இந்தச் சிலந்தி பின்கால்களால் வயிற்று மயிரை உதைத்துத் தள்ளும், அங்கே வழுக்கை விழும். புதுத் தோல் வந்தால்தான் மறையும். ஆணோடு சேர்த்த அன்று அவளுக்கு ஐந்து ரூபாய்க் காசு அளவில் வழுக்கை இருந்தது. வளையை விட்டு வெளியே வந்தபோது இல்லை. கருகருவென்று மயிர், முழங்கால் புதுச் சிவப்பு. அதை நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். தாய்மை வந்த பளபளப்பு என்று தம்பிக்குப் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஒன்பது வருடம் வளர்த்தவள், புதிதாக வாங்கியவன்கூடச் சொல்லமாட்டாத அசட்டுத்தனத்தைச் சொன்னேன், எனக்கு அந்தப் பை வேண்டியிருந்தது என்பதற்காக.

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. என்மேல் வந்தது பிறகு. முதலில் வந்தது அவர்மேல்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆறு மாதம் இந்த மனிதர் இதை வாயில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். கையாலாகாதவர் என்று நான் சொன்னபோதும், அந்தப் பத்தொன்பது நாளும்.

"வந்த உடனேயாவது சொல்லியிருக்கக் கூடாதா? ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேன். நீ திட்டிண்டிருந்தே. முடிக்கட்டும்னு நின்னேன்."

"முடிச்சப்புறம்?"

அவர் யோசித்தார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே யோசித்தார்.

"நீ எப்ப முடிச்சே?"

தம்பி டப்பாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத் தலை வரை சூடு ஏறியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். என் கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரோரம் நகர்ந்து நின்றார், நான் முடிக்கட்டும் என்று.